வெள்ளைச் சுவரில் ஆறுக்கு ஆறு

கண் டாக்டரிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பரீட்சை எழுதுகிற நினைப்பில்தான் வருகிறார்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த வியாதி கொஞ்சம் கூடுதல். வீட்டுக்கு ஒரு நர்ஸ், தெருவுக்கு நாலு பி.எட். இருக்கிற ஊர். எழுத்துப் போர்டில் கடைசி வரி தெரியவில்லை என்றால் கண்ணில் கோளாறு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். “இருங்க டாக்டரே, இப்ப சொல்லுதேன்” என்று கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, நாற்காலியை நைசாக முன்னால் தள்ளி, எப்படியாவது பாஸாகிவிடப் பார்ப்பார்கள். கூட வந்த மனைவி பின்னால் நின்று “ம... ம...” என்று எடுத்துக் கொடுப்பார். ஒரு பெரியவர் வாசித்து முடித்துவிட்டு என்னிடம், “எத்தன மார்க்கு?” என்றே கேட்டிருக்கிறார்.

இதெல்லாம் தெரிந்திருந்தும், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு பரீட்சை வைத்து, ஊரையே நூற்றுக்கு நூறு பாஸாக்கி, கடைசியில் நான் மட்டும் ஃபெயிலான கதை இது. (என் அம்மா இதைக் கல்யாண வீடுகளில் தன் இஷ்டத்துக்குச் சொல்லித் திரிவதால், என் வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.)

கொரோனா வந்த அந்த வருஷம், நான் மேற்படிப்பை முடித்து, புதுக்கடை பக்கத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ரோட்டோரத்தில் ஒரு மாடி வீடு. கீழே நோயாளிகளைப் பார்க்கிற அறை, மேலே ஆபரேஷன் தியேட்டர், முன்னால் நாலு வண்டி நிற்க முற்றம். அதை நடத்தியவரை ஊரில் எல்லாரும் பெரிய டாக்டர் என்பார்கள். எழுபதை நெருங்கியவர். சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு. ஊரடங்கு போட்டதும் அவர் மனைவி வீட்டுக் கேட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். “இனி எல்லாம் ஷைனி பாத்துக்கிடுவா” என்று அந்த அம்மாவே அறிவித்தும் விட்டார். ஷைனி என்பது நான்.

அன்று முதல் பெரிய டாக்டர் வீடியோ காலில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு பழைய செல்போனை டிரிப் ஏற்றுகிற ஸ்டாண்டில் பிளாஸ்டர் போட்டு ஒட்டி, நாங்கள் போகிற இடமெல்லாம் உருட்டிக்கொண்டு போவோம். அவருக்குப் போனை நேராகப் பிடிக்கத் தெரியாது. பாதி நாள் அவருடைய நெற்றி மட்டும் வேலைக்கு வரும், மீதி நாள் அவர் வீட்டு மின்விசிறி வரும்.

நான் பிறவியிலேயே இருப்புக்கொள்ளாதவள். பதற்றமும் அவசரமும் சேர்ந்த இந்தக் குணத்தை எங்கள் பக்கம் வெப்ராளம் என்பார்கள். “பெத்தது பிள்ளையில்ல, வெப்ராளம்” என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். இப்படிப்பட்டவளிடம் ஒரு ஆஸ்பத்திரியையும் கொடுத்து, எதையும் தொடாதே, யார் பக்கத்திலும் போகாதே, மூக்கைச் சொறியாதே என்றும் சொன்னால் என்ன ஆகும்? நான் அந்த முற்றத்தில் கூண்டில் போட்ட கோழியாக நடந்துகொண்டே இருந்தேன்.

கண் டாக்டர் தொழிலின் சங்கடம் வேறு. மற்ற டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப் நீளத்துக்காவது தள்ளி நிற்கலாம். நாங்கள் ஒரு கருவிக்கு அந்தப் பக்கம் நோயாளி, இந்தப் பக்கம் நாங்கள் என்று மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் உட்கார்ந்தால்தான் கண்ணுக்குள் பார்க்க முடியும். நடுவில் தடுப்புக்கு என்ன செய்வது? ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமைப் பிளீச்சிங் கரைசலில் கழுவி, துளை போட்டுக் கருவியில் மாட்டினேன். முழுசாகப் போகவில்லை. யாரோ ஒருவருடைய விலா எலும்புகள் மங்கலாக நடுவில் நின்றன. அந்த எலும்புகளைத் தாண்டித்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கருவி முன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டமும் போட்டேன். ஆமாம் என்றால் கட்டை விரல், இல்லை என்றால் சுண்டு விரல். பேசாமல் இருக்கத் தெரியாத எங்கள் ஊர்க்காரர்கள் பத்து விரலையும் ஆட்டினார்கள்.

ஆபரேஷனுக்கும் கட்டுப்பாடு வந்தது. அவசரமானவை மட்டும் செய்யலாம், மற்றபடி கண்புரை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யார் அவசரம், யார் அவசரமில்லை என்று பிரிக்க வேண்டும். பிரிக்கக் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்க்க எல்லாரையும் உள்ளே விட முடியாது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. (எனக்கு யோசனை வந்தால் அம்மா முழங்காலில் நின்று ஜெபிப்பாள்.) ஆளை ஏன் உள்ளே விட வேண்டும்? ஆட்டோவிலும் காரிலும் உட்கார வைத்தே பார்த்தால் என்ன? முற்றத்தில் வண்டி நிற்க ஒரு சுண்ணாம்புக் கோடு. அங்கிருந்து ஆறு மீட்டர் தள்ளி எதிரே காம்பவுண்டுச் சுவரில் எழுத்துப் போர்டு. படிக்க முடியாதவர்கள் உள்ளே வரட்டும், அவர்களுக்கு முழுப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஆபரேஷன். கடைசி வரி வரை படித்தவர்களுக்கு ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்து, “எல்லாம் ஓஞ்ச பொறவு வாங்க” என்று வண்டியை அப்படியே திருப்பிவிடலாம்.

கவனித்தீர்களா? ஃபெயிலானவருக்குத்தான் அட்மிஷன். இப்படி ஒரு பரீட்சையைப் போயும் போயும் எங்கள் மாவட்டத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

போர்டு மழையில் நனையும் என்பதால் ஃப்ளெக்ஸில் அடிக்கக் கொடுத்தேன். கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். முதலில் வந்ததில் இரண்டு பக்கமும் ரோஜாப்பூ, மேலே பெரிய டாக்டர் கும்பிடுகிற படம், ‘வருக வருக’. கடைசி வரியை முதல் வரி அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார்.

“நாலு பேருக்குத் தெரியாண்டாமா டாக்டரே? இத்தினிக்காணு எழுத்து போட்டா கடைக்குல்லா கெட்ட பேரு.”

அளவெல்லாம் எழுதிக் கொடுத்து மறுபடி அடித்து வாங்கினேன். இரண்டாவது ஒழுங்காக இருந்தது. ஆனால் கடைசி வரிக்கும் கீழே, அடி ஓரத்தில், அதைவிடப் பொடி எழுத்தில் தன் கடை விளம்பரத்தைச் சேர்த்திருந்தார். எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று அப்படியே ஆணி அடித்து மாட்டிவிட்டேன்.

ஏற்பாடு இதுதான்: எங்கள் நர்ஸ் லீலா சிஸ்டர் சுவர் பக்கம் நின்று ஒரு மாப்புக் கம்பால் மேலேயிருந்து கீழே ஒவ்வொரு வரியாகத் தொடுவார். நான் வண்டிப் பக்கம் நின்று விடைகளைச் சரிபார்ப்பேன். என் கோலத்தையும் சொல்ல வேண்டும். முழுக் கவுன், தலைக்கு உறை, மாஸ்க் மேல் மாஸ்க், முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் கவசம், எல்லாவற்றுக்கும் உள்ளே என் சொந்தச் சோடாபுட்டிக் கண்ணாடி. மூச்சு விட்டால் கண்ணாடி வேர்த்துவிடும். மாஸ்க்கின் மேல் ஓரத்தை மூக்கோடு பிளாஸ்டர் போட்டு ஒட்டினால் ஆவி ஏறாது என்று டாக்டர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் ஒட்டினேன். அரைமணி நேரத்தில் வேர்வையில் அது கழன்று மூக்கிலிருந்து தொங்கும். மற்றவர்கள் கண்ணைச் சோதிக்க நின்ற எனக்கு, உண்மையில் ஆட்டோ எது, ஆள் எது என்பதே குத்துமதிப்பாகத்தான் தெரிந்தது. அதை வெளியே சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

பஸ் ஓடாததால் கடற்கரைப் பக்கத்து நோயாளிகளை எல்லாம் ஜஸ்டின் அண்ணன்தான் தன் ஆட்டோவில் கொண்டுவருவார். எம்.ஏ., பி.எட். ஆசிரியர் தகுதித் தேர்வும் பாஸ். வேலை மட்டும் வரவில்லை. ஆட்டோவில் ஒரு ஆள்தான் ஏறலாம் என்று அப்போது விதி. அதனால் ஒவ்வொருவராக, பொறுமையாக, நாள் முழுக்கக் கொண்டுவந்து இறக்குவார்.

முதல் சில நாட்கள் நிறையப் பேர் ஃபெயிலானார்கள். உள்ளே விட்டோம். அதன்பிறகு ரிசல்ட் ஏறத் தொடங்கியது. தேங்காப்பட்டணம் பக்கமிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கடைசி வரி வரை அடித்துத் தள்ளினார்கள். நான் அசந்து போனேன். மீன் கண்ணுக்கு நல்லது என்று படித்தது நினைவு வந்தது. “சார், கடலோர மக்களோட பார்வைத் திறனைப் பத்தி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாம்ணு இருக்கேன்” என்று ஸ்டாண்டில் இருந்த நெற்றியிடம் சொன்னேன். நெற்றி சுருங்கியது. பெருமைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு நாள் ஜஸ்டின் அண்ணன் ஆட்டோவில் வந்தவர்தான் பிலோமினாக்கா. ஐம்பதைத் தாண்டியவர். புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. மீன் சருவத்தைத் தலையில் வைத்து வீடு வீடாக விற்றுத் தனியாகப் பிழைப்பவர்.

“என்ன செய்யுது அக்கா?”

“கண்ணு ரெண்டும் ஒரே பொகையா இருக்கு மோளே. சாளை எது, அயிலை எதுண்ணு கைகொண்டு தடவித்தான் பாக்கேன். முந்தாநேத்து ஒரு டெம்போக்கு முன்னால சாடிட்டேன், அவன் பிரேக்கச் சவுட்டி நிறுத்துனான். இனி கண்ணும் போச்சுண்ணா நான் எப்பிடிப் பிழைக்க? எனக்குக் கஞ்சி தர யாரு இருக்கா?”

“சரி, சுவர்ல உள்ள போர்டைப் படிங்க.”

படித்தார். “ப. ட, ர. ம, ய, க...” கடைசி வரி வரை, ஜெபமாலை சொல்கிற ஒழுங்கில், ஒரு இடம் தட்டாமல் படித்தார். ஒரு கண்ணைப் பொத்தியும் படித்தார், மறு கண்ணைப் பொத்தியும் படித்தார். ஆறுக்கு ஆறு, முழுப் பார்வை! வெயிலில் டார்ச் அடித்து நானும் பார்த்தேன். என் கண்ணாடி ஆவிக்குள் எல்லாக் கண்ணும் ஒரே கண்தான்.

உடனே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். “அக்கா, உங்க கண்ணு கொமரிப்பிள்ளைக கண்ணு மாதிரி இருக்கு. இதெல்லாம் மனசுல உள்ள பயம். இந்தக் காலத்துல எல்லாருக்கும் வாறதுதான். டி.வி.யில நியூஸ் பாக்காதீங்க.”

“டி.வி. எனக்குக் கண்ணுல காணாதே மோளே” என்றார்.

அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். “அது நல்லதுதான்” என்று சொன்னேன். இன்றைக்கும் குளிக்கும்போது இந்தப் பதில் நினைவுக்கு வந்தால் தண்ணீரை வேகமாக மொண்டு ஊற்றிக்கொள்வேன்.

“அப்ப ஆபரேசன் இல்லியா? கடைசி வரியில கொஞ்சம் பதறிட்டேனோ?” என்று கேட்டார். நான் சிரித்து, ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்து, எல்லாம் ஓய்ந்த பிறகு வரச் சொன்னேன். மருந்தை வாங்க இறங்கியவர், ஆட்டோவுக்கும் தரைக்கும் நடுவில் காலைக் கொஞ்ச நேரம் துழாவினார். தரை கிடைத்த பிறகுதான் மறு காலை எடுத்து வைத்தார்.

அந்தக் கால் என்னை விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அது வந்து துழாவியது. வீட்டில் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

“என்னட்டி, தறியில கட்டுன மாடு மாதிரி சுத்துக?” என்றாள் அம்மா. அவள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

“ஒரு அக்கா போர்டு முழுசும் வாசிக்கா அம்மா. ஆனா தரை காணல்ல.”

“காப்பி அடிச்சிருப்பா.” அம்மா முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தவே இல்லை.

“கண் டெஸ்ட்ல எங்கம்மா காப்பி அடிக்க?”

“பிள்ளைக எதுலயும் அடிப்பாவ. முப்பது வருசம் பாத்தவ சொல்லுதேன்.”

எனக்குக் கோபம் வந்தது. மருத்துவம் படித்தவளிடம் கணக்கு டீச்சர் வந்து கண்ணைப் பற்றிப் பேசுவதா? ஆனாலும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த தடவை ஜஸ்டின் அண்ணனைப் பார்த்ததும், பிலோமினாக்காவை மறுபடி அழைத்து வரச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். “அவியளுக்கு ரெண்டாவது சான்ஸ் குடுக்கீங்களா டாக்டர்? நல்லாத் தயார் பண்ணிக் கொண்டாறேன்” என்றார். குளிக்க வைத்து, நல்ல சேலை உடுத்திக் கூட்டி வருவார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. அக்கா வர வேண்டிய நாளில் விடியக்காலையிலிருந்தே காற்றும் மழையும். லீலா சிஸ்டர் தெருவில் யாருக்கோ தொற்று என்று கம்பு கட்டி அடைத்துவிட்டதால் அவர் வரவில்லை. நான் ஒற்றை ஆள். ஸ்டாண்டையும் போனையும் மழை படாமல் போர்ட்டிகோவில் நிறுத்தி, கவச குண்டலங்களோடு முற்றத்தில் இறங்கினேன். கவசத்துக்கு வெளியே மழைத்துளி, உள்ளே ஆவி. கம்பால் தொட்டுக் காட்ட ஆளில்லாததால், “மேலயிருந்து கீழ நீங்களே வாசியுங்க” என்று சொல்லிவிட்டு, சுவருக்கு முதுகைக் காட்டி வண்டியைப் பார்த்து நின்றேன். போர்டு எனக்கு மனப்பாடம், திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. காலையில் வந்த நாலைந்து பேரும் சரளமாகப் படித்தார்கள். எல்லாரையும் பாஸாக்கி அனுப்பினேன்.

பிறகு பிலோமினாக்கா வந்தார். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். இரண்டு நாளாக இடது பக்கம் தலைவலி, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றார். “படிங்க அக்கா” என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, போன தடவையை விடத் தெளிவாக, பள்ளிக்கூட விழாவில் ஒப்பிக்கிற குரலில் தொடங்கினார். நான் ஒவ்வொரு எழுத்துக்கும் தலையை ஆட்டினேன். போர்ட்டிகோவில் பெரிய டாக்டர் போனில் என்னவோ கத்திக்கொண்டிருந்தார். மழை இரைச்சலில் கேட்கவில்லை. பாராட்டுகிறார் என்று நினைத்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

மழை சட்டென்று நின்றது. பெரிய டாக்டரின் குரல் ரோடு வரை கேட்டது.

“ஏ பிள்ளே ஷைனி! போர்டு எங்க?”

“சுவர்ல சார்.”

“எந்தச் சுவர்ல?”

“எதிர்ச் சுவர்ல சார்.”

“திரும்பிப் பாரு பிள்ளே, திரும்பிப் பாரு!”

திரும்பினேன். வெள்ளையாக இருந்தது. ஆவி என்று நினைத்துக் கவசத்தைத் துடைத்தேன், வெள்ளை. கவசத்தைத் தூக்கினேன், வெள்ளை. சோடாபுட்டியைக் கழற்றிக் கவுனில் தேய்த்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். நனைந்த வெள்ளைச் சுவர், நாலு மூலைக்கு நாலு ஆணி. ஒரு ஆணியில் மட்டும் ஃப்ளெக்ஸின் கிழிந்த நுனி ஆடிக்கொண்டிருந்தது. காற்று அதை எப்போது கொண்டுபோனதோ தெரியாது. காலையிலிருந்து ஊரே வெறும் சுவரைப் பார்த்துப் படித்திருக்கிறது, நானும் சரி சரி என்று மார்க் போட்டிருக்கிறேன்.

எனக்குப் பின்னால் பிலோமினாக்கா கடைசி வரியை முடித்தார். “இந்தத் தடவ தெளிவாச் சொன்னேனா மோளே?”

கேட் பக்கம் ரோட்டில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தச் சூட்டோடு போய் அக்கா முகத்துக்கு முன்னால் என் கையை நீட்டினேன்.

“அக்கா, இது எத்தன விரலு?”

“கை எங்க மோளே?” என்றார்.

வெட்கம் போன இடம் தெரியவில்லை, பயம்தான் மிஞ்சியது. தொடக் கூடாது என்று நானே போட்ட சட்டத்தை மறந்து, மூடிய இமையின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். வலது கண் பரவாயில்லை. இடது கண் கூழாங்கல் மாதிரி இருந்தது. புரை முற்றி, ஊதி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. இப்படியே விட்டால் உள்ளே நரம்பு செத்துவிடும், பிறகு எந்த ஆபரேஷனாலும் பார்வை திரும்பாது. நான் அவரை டி.வி. பார்க்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

“யாருக்கா உங்களுக்கு இதைப் படிச்சுத் தந்தது?”

அக்கா பதில் சொல்வதற்குள் மழையில் மங்கிய முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜஸ்டின் அண்ணன் தலையை வெளியே நீட்டினார். முகம் வெளுத்திருந்தது. “நான்தான் டாக்டர். முதல்ல ஒண்ணு ரெண்டு வரி மட்டும் படிச்சவியளையும் உள்ள எடுத்தீங்க. பொறவு கடைசி வரி வரைக்கும் படிச்சவியளையும் திருப்பி அனுப்புனீங்க. கட் ஆஃப் கூடிப்போச்சு, ஒரு எழுத்து பதறினாலும் போச்சுண்ணு நெனச்சேன். அதான் வாற வழியிலேயே எல்லாருக்கும் முழுசாச் சொல்லிக் குடுத்தேன். ஒரு ஆளும் ஃபெயிலாகப்பிடாதுண்ணுதான்...”

“வீட்டுல கெடந்தும் சொல்லிப் பாத்தேன் மோளே” என்றார் அக்கா. “பாஸானாத்தானே ஆபரேசன்?”

நான் பிளஸ் டூ படித்த வருஷம் முழுக்க, கட் ஆஃப் கட் ஆஃப் என்று அம்மா என்னைத் தூங்கவிடாமல் செய்ததும் இதே ஊரில்தான். அவர்கள் இருவர் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் மனப்பாடம் செய்திருப்பேன்.

போனைப் பார்த்தேன். முதல் முறையாகப் பெரிய டாக்டரின் முகம் முழுதாகத் திரையில் இருந்தது. “உள்ள கொண்டு போ. டிரிப்பப் போட்டு அழுத்தத்தக் கொற. நான் வாறேன்” என்றார்.

“சார், கேட் சாவி...”

போன் அணைந்துவிட்டது. அவர் மதில் ஏறிக் குதித்து வந்தார் என்று புதுக்கடையில் இன்றும் சொல்வார்கள். பொய். விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாவே முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கேட்டைத் திறந்துவிட்டார். திரும்பி வரும்போது பின்வாசல் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் ஏற வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

உள்ளே கருவி முன்னால் அக்காவை உட்கார வைத்து, எக்ஸ்ரே விலா எலும்புகளின் நடுவே நான் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை, இடதில் முற்றியது. அக்கா சட்டப்படி வாயே திறக்கவில்லை. சட்டம் போட்ட நான்தான் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தேன். மன்னிச்சிருங்க அக்கா, ஒண்ணும் ஆகாது அக்கா, மன்னிச்சிருங்க அக்கா. “பேசாத பிள்ளே, ரூல் உனக்கும்தான்” என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல். பெரிய டாக்டர் கவுனை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். அவரைக் கண்டதும் எனக்கு அழுகை வந்தது. அழுதால் கண்ணாடி இன்னும் வேர்க்கும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் இடது கண்ணுக்கு ஆபரேஷன். அவர் செய்தார், நான் உதவினேன். அதற்கு அடுத்த நாள் காலையில் கட்டைப் பிரிக்க வேண்டும். ராத்திரி முழுக்கப் புரண்டவள், பொழுது விடியும் முன்பே வந்து வார்டுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தேன். நரம்பு தப்பியதா இல்லையா என்பது கட்டைப் பிரித்தால்தான் தெரியும். எப்படிச் சோதிப்பது என்பது அடுத்த கவலை. போர்டைக் காட்டினால்தான் எல்லாம் தலைகீழ்ப் பாடமாயிற்றே!

கட்டைப் பிரித்தேன். அக்கா மெல்ல இமையைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு என்னை உற்றுப் பார்த்தார்.

“மோளே, ஒனக்கு மூக்குல என்னவோ தொங்குதே?”

பிளாஸ்டர். எத்தனையோ நாளாக அது அங்கே தொங்கியிருக்கிறது, ஒருவரும் சொன்னதில்லை. பெரிய டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய மாஸ்க்கே இறங்கிவிட்டது. நான் அந்தப் பிளாஸ்டரைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை கண்ணாடி வேர்த்தால் வேர்க்கட்டும் என்று நன்றாகவே அழுதேன்.

அதன்பிறகு நான் பாஸாக்கி அனுப்பிய கடற்கரைக்காரர்களை எல்லாம் திரும்ப அழைத்தோம். ஜஸ்டின் அண்ணன் ஒரு பைசா வாங்காமல் அத்தனை பேரையும் கொண்டுவந்தார். வருகிற வழியெல்லாம், “தெரியல்லண்ணா தெரியல்லண்ணு சொல்லணும், கேட்டியளா?” என்று அதற்கும் ஒரு டியூஷன் எடுத்தார். பாதிப் பேர் ஃபெயிலானார்கள். கடலோர மக்களின் பார்வைத் திறன் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை அத்தோடு செத்தது. காற்றில் போன ஃப்ளெக்ஸ் சந்தையில் வாழைத்தார்களுக்கு மழைமறைப்பாகக் கிடந்தது. அதையும் ஜஸ்டின் அண்ணனே மீட்டுக் கொண்டுவந்தார். வாழைக்கறையோடு அதை உள் வராந்தாவில் மாட்டினோம்.

சில வாரம் கழித்து பிலோமினாக்காவுக்குக் கண்ணாடி கொடுக்கிற நாள். வராந்தாவில் அந்த ஃப்ளெக்ஸுக்கு எதிரே உட்கார வைத்து, “படிங்க அக்கா” என்றேன்.

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: “பாத்துச் சொல்லவா மோளே, மனப்பாடமாச் சொல்லவா?”

லீலா சிஸ்டர் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அக்கா கடைசி வரி வரை போனார். நின்றார். முகத்தைச் சற்று முன்னால் கொண்டுபோனார்.

“அதுக்கும் அடியில என்னவோ இருக்கே, இத ஜஸ்டின் சொல்லித் தரல்லியே” என்று எழுத்துக் கூட்டினார். “பிறந்தநாள்... காதுகுத்து... கண்ணீர் அஞ்சலி... குறைந்த விலையில்... சிறந்த முறையில்...”

என் வாழ்க்கையில் நான் கேட்ட எந்த வாசிப்பும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

ஜஸ்டின் அண்ணன் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவர் வகுப்பில் வருஷா வருஷம் நூறு சதவீத ரிசல்ட். ரிசல்ட் வருகிற நாளில் பெரிய டாக்டர் மறக்காமல் அவருக்குப் போன் செய்து, “போர்டு இருந்துதா மக்கா?” என்று விசாரிப்பார். பிலோமினாக்கா வலது கண்ணையும் சரிசெய்துகொண்டு, சருவத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வழியாகவும் போகிறார். போகும்போதெல்லாம் அம்மாவிடம் கொஞ்சம் கதையும் சொல்வார். அப்படித்தான் அந்த ஒற்றைக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்து குடியேறியது. நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும், அம்மா கேட்பாள்: “பாத்துச் சொல்லுதியா, மனப்பாடமா?” காஸ் தீர்ந்துவிட்டதா, கதவைப் பூட்டினாயா, குழம்புக்கு உப்புப் போட்டாயா, எதற்கும் அதே கேள்விதான்.

எனக்குக் கல்யாணமானதும், சரி, இனி தப்பித்தோம் என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கூடத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், நான் எதிரே வந்து நின்றதும் தலையைத் தூக்காமலே, “இண்ணைக்கு ரொம்ப அழகா இருக்க ஷைனி” என்றார்.

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “மருமோனே, பாத்துச் சொல்லுதீயளா, மனப்பாடமா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் முகம் முழுக்கக் கடலைமாவு.